புதுக் கெட்டிலின் முதல் கோப்பை

"டேய் அடிமைப் பயலே, இன்னும் சாகலையா?" என்று கேட்டுக்கொண்டே சூமானா குலிபாலி வாசலில் செருப்பைக் கழற்றினான். பதிலுக்கு நான் அவனைப் 'பயறு தின்னி' என்று திட்ட வேண்டும். கெய்தா குலத்தாரான நாங்களும் குலிபாலி குலத்தாரும் பரம்பரையாக அப்படித்தான். எவ்வளவு திட்டினாலும் கோபம் வரக்கூடாது, அதுதான் உறவு. நான் கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தாலும், வீடு தேடி வந்தவனுக்கு மூன்று சுற்றுத் தேநீர் ஊற்றாமல் அனுப்ப எங்களால் முடியாது.

ஒரு காலத்தில் ஜனநாயகம் சொல்லித்தர ஊர் ஊராகப் போனோம். பேச்சு அவனுடையது, வண்டி என்னுடையது. 'பதவிக்கால வரம்பு' என்று பிரெஞ்சில் படித்து வந்ததை எங்கள் பேச்சில் எப்படிச் சொல்வது என்று ஒருநாள் திருதிருவென்று முழித்தான். கையில் நான் என் கெட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்த தேநீர் இருந்தது. இரண்டு சுற்று குடித்தான், மூன்றாவது வந்ததும் கோப்பையைக் கவிழ்த்துவிட்டான். "ஜனாதிபதிக்கும் ரெண்டுதான். மூணாவது கேட்டா இப்படிக் கவுத்துடுங்க!" ஊரே சிரித்தது. மூன்றாவதை மறுப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை! அதனாலேயே எல்லோர் மனதிலும் பதிந்துபோனது. அன்றிலிருந்து எந்த வீட்டிலும், தன் கல்யாணத்தில்கூட, அவன் மூன்றாவதைத் தொட்டதில்லை. அந்தக் கோப்பையை வைத்தே அடிஸ் அபாபா, ஜெனீவா என்று பறந்து, டாக்டர் பட்டமும் வாங்கி நல்லாட்சி நிபுணர் ஆனான். எனக்கு அத்தனை பெருமை.

ஜனாதிபதி மூன்றாவது முறையும் நிற்கப்போகிறார் என்றதும், போன வாரம் என் தம்பி சிரிமான் சந்தை முக்கில் ஒரு கோப்பையைக் கவிழ்த்துவைத்து உட்கார்ந்தான். போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். நேற்று தொலைக்காட்சியில், ஜனாதிபதியின் ஆலோசகராக சூமானா சிரித்தபடி சொன்னான்: புது அரசியல் சட்டம் வந்துவிட்டது, ஆகவே இது மூன்றாவது அல்ல, புதுக் கெட்டிலின் முதல் கோப்பை. பாவி, என் கெட்டிலையே எடுத்து என் தலையில் ஊற்றிவிட்டான்.

"சிரிமான் உன்கிட்ட கத்துக்கிட்டதைத்தான் செஞ்சான்னு அவங்ககிட்டச் சொல்லு" என்றேன்.

"அதை மட்டும் சொல்ல முடியாதுடா. யாரோ தூண்டிவிட்டாங்கன்னு சொல்லி மன்னிப்புக் கேக்கட்டும். நானே வெளிய கொண்டுவரேன்."

"தூண்டிவிட்டது யாரு?"

அவன் இரண்டாவது கோப்பையை உறிஞ்சி முடித்தான். நான் மூன்றாவது சுற்றுக்குச் சர்க்கரை போட்டேன். இங்கேயாவது, என் எதிரிலாவது கவிழ்ப்பான் என்று என் பாழும் மனசு காத்திருந்தது.

அவன் கோப்பையை நீட்டினான். "ஊத்துடா. பயறு தின்னிக்குக் கிடையாதா?"

நுரை பொங்க விளிம்புவரை ஊற்றினேன்.

"குடிங்க, டாக்டர்."

அவன் கை அப்படியே நின்றது. "டேய், திட்டுடா" என்றான், குரல் இறங்கி. "என்ன வேணா திட்டு. நீங்கன்னு மட்டும் சொல்லாத."

நான் என் கோப்பையைத் தட்டில் கவிழ்த்தேன். அதில் மிச்சமிருந்த தேநீர் விளிம்பைச் சுற்றி மெல்லப் பரவியது.