பூஜையில் வைத்த சைக்கிள்

என் வீட்டுக்காரரை ஆபீசில் பட்டாபிராமன் என்று கூப்பிடுவார்கள். நான் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. சொல்ல ஆசையும் இல்லை.

ஜெர்மனியோடு சண்டை வந்ததும், கல்கத்தாவில் அவர் குமாஸ்தாவாக இருந்த ஜெர்மன் கம்பெனியைச் சர்க்கார் இழுத்து மூடியது. சாமான்களை ஏலம் விட்டபோது கிடங்கின் மூலையில் கோணி சுற்றிய சைக்கிள் ஒன்று அகப்பட்டது. எந்தக் காலத்திலோ ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது. கறுப்புச் சாயம் வெடித்து, முன்பக்கத்துப் பித்தளைத் தகடு பச்சை பூத்துக் கிடந்தது. யாரும் சீந்தவில்லை. இவர்தான் ஏலத்தில் எடுத்து, கைக்குழந்தையைப் போல் பார்த்துப் பார்த்துப் பவானிபூரில் எங்கள் வீடு வரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இனிமே ஜெர்மன் சாமான் வராதுடி காமு. அவன் பூசின பெயிண்ட் அப்படியே இருக்கணும். துரு இருந்தா இருக்கட்டும், அதுதான் அழகு."

கூடத்தில் பாதியை அது பிடித்துக்கொண்டது. துணியால் ஒற்றுவாரே தவிரத் தேய்க்க மாட்டார். ஓடாத வண்டி என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் பார்த்துத் தெருக்கோடி வரை போய்வருவார். எனக்கு ஜுரம் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத மனுஷர்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம், பேனா, என் அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தோம். சைக்கிளுக்குச் சந்தனம் பட்டால் சாயம் கெடும் என்று மாலை மட்டும் போட்டார்.

மத்தியானம் தந்தி வந்தது. காசியிலிருந்து திரும்பும் என் அப்பாவுக்குக் கடும் ஜுரம். சாயங்காலம் ஹவுரா ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போகவும். யாரும் வராவிட்டால், கூட வந்தவர்கள் அவரை மெட்ராஸ் மெயிலில் ஏற்றிவிடுவார்கள்.

வெளியே துர்கா பூஜைக் கூட்டம். டிராம் நகரவில்லை. குதிரைவண்டியும் கிடைக்கவில்லை.

"சைக்கிள்ல போங்கோ. அப்பாவ இறக்கி உக்கார வெச்சா போதும். கூட்டம் குறைஞ்சப்பறம் வண்டி பிடிச்சுக்கலாம்."

அவர் வானத்தைப் பார்த்தார். தூறிக்கொண்டிருந்தது.

"பூஜையில வெச்சத நாளைக்கு முன்னால எடுக்கப்படாது."

"ஆபத்துக்குப் பாவமில்லேன்னா! தந்திக்காரனுக்குக் கையெழுத்துப் போட பேனாவ எடுத்தேளே?"

"அது பேனா."

குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். ஹவுரா பாலம் தாண்டுவதற்குள் மெயில் போய்விட்டது. பெஜவாடா வருவதற்குள் அப்பாவும் போய்விட்டார். எனக்காகக் காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் சொம்பின் அடைப்பை உடைத்து, யாரோ அவர் வாயில் ஊற்றினார்களாம்.

"எல்லாம் விதிடி" என்றார் இவர். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

தீட்டுக் கழிந்த மறுநாள் அவர் புது ஆபீசுக்குக் கிளம்பினார். நான் புளியும் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். சாயம் செதில் செதிலாக உதிர்ந்தது. தகட்டில் இருந்த பச்சை போய், குத்துவிளக்காகப் பளபளத்தது. பொழுது சாய்வதற்குள் வண்டி முழுக்க வெறும் இரும்பு.

திரும்பி வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு உள்ளே வந்து இரும்பைத் தடவிப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

காப்பி கலந்து கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

"எல்லாம் விதின்னா" என்றேன்.