தாய்மாமன் விட்ட கோல்

திண்டுக்கல் ஐஸ் ஹாக்கி அணியின் தடுப்பாட்டக்காரர் தெய்வசிகாமணி களத்தை விட்டு வெளியே வந்து பல காலம் ஆயிற்று. வெயிலில் ஊரே உருகியது. பனித்தரை மட்டும் உருகவில்லை. அவர் விடவில்லை.

கோல் போடுவதில் அவருக்கு ஆசை கிடையாது. வருகிற ரப்பர் வட்டைத் தடுப்பார். முழங்காலில் வாங்குவார், பல்லில் வாங்குவார், மறுநாளும் ஆடுவார். ரசிகர்கள் அவரைச் செல்லமாகப் பூட்டு என்றார்கள். சாவி எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

தங்கை மரகதம் மட்டும் கேட்டாள். அவள் மகள் பூங்கோதைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? குழந்தை காத்திருந்தது. காத்திருந்தபடியே படிப்பை முடித்து, வங்கியில் அதிகாரியும் ஆகிவிட்டது.

தெய்வசிகாமணியும் ஆட்டம் முடிந்ததும் கிளம்பத்தான் செய்வார். மேலாளர் எபனேசரிடம் மரியாதையாகச் சொல்வார்.

"போயிட்டு வர்றேன் சார்."

"வந்துட்டீங்களே," என்பார் எபனேசர்.

பார்த்தால் களத்தின் நடுவில் நிற்பார். அடுத்த ஆட்டத்துக்கு விசில் ஊதிவிடுவார்கள்.

ஒருநாள் நடுவருக்கே மனசு கேட்கவில்லை. "'போறேன்'னு மட்டும் சொல்லிப் பாருங்களேன்."

"ஐயையோ! நல்லா இருக்கிற மனுசன் சொல்ற பேச்சா அது?"

கடைசியில் மரகதமே புறப்பட்டு வந்துவிட்டாள். கரூரோடு இறுதியாட்டம். யாரும் கோல் போட்டிருக்கவில்லை. சீர்த்தட்டுகளோடு சொந்தக்காரர்கள் வழுக்கி வழுக்கி வந்தார்கள். நடுவில் பட்டுப்பாவாடையில் பூங்கோதை, பின்னால் ஊசியோடு ஆசாரி. கரூர்க்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். விசேஷம் என்றால் யார் குறுக்கே நிற்பார்கள்?

தெய்வசிகாமணி பனியில் சம்மணம் போட்டார். வங்கி அதிகாரி மடியில் உட்கார்ந்தாள்.

ஆசாரி ஊசியை நீட்டினார். கையுறை தடுத்தது. மறுபடி நீட்டினார். முழங்கை தடுத்தது. கூட்டம் கைதட்டியது.

"அண்ணே, கைய எடு," என்றாள் மரகதம்.

"நானா தடுக்குறேன்? அதுவா போகுது."

"மாமா," என்றாள் பூங்கோதை, "எனக்குக் கம்மல் போடணும்னு ஆசையா இருக்கு."

பல் போனபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஊசி போயிற்று. கோல் வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. கரூருக்கு ஒரு கோல் என்று நடுவர் அறிவித்தார். பூங்கோதை வீலென்று அழுதாள். தாய்மாமனும் கூடவே அழுதார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எபனேசர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒன்ன விட்டுட்டீங்களே, சிகாமணி!"

தெய்வசிகாமணி மூக்கை உறிஞ்சினார். மருமகளின் முகத்தை மெல்ல அந்தப் பக்கம் திருப்பினார்.

"இன்னொன்னும் விடணும் சார். இன்னொரு காது இருக்கு."