கொள்ளையடிக்காத நாட்கள்

பிரகதாம்பாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்கு வரன் அமையாது என்று அவள் அம்மாவும், அந்த வாய்க்கு இன்டர்னல் மார்க் விழாது என்று தோழி பிளெஸ்ஸியும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். கீரமங்கலத்தில் பூ விவசாயம் பார்க்கிற வீடு. அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே அவள்தான். இப்போது புதுக்கோட்டையில் எம்.ஏ. வரலாறு.

எல்லாம் ஒரு கேள்வியில்தான் ஆரம்பித்தது. ஐரோப்பிய வரலாற்றுப் பாடத்தில் வைக்கிங்குகளுக்கு ஒரே ஒரு பத்தி. வடக்கே குளிர்நாட்டிலிருந்து நீளப் படகுகளில் வந்தார்கள், மடங்களைக் கொள்ளையடித்தார்கள், தீ வைத்தார்கள், போனார்கள். அறிவுச்செல்வன் சார் அந்தப் பத்தியை வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போனார். பிரகதா எழுந்தாள்.

"சார், கொள்ளையடிக்காத நாள்ல என்ன செஞ்சாங்க?"

"லீவு போட்டிருப்பாங்க" என்றான் பின் பெஞ்சிலிருந்து சூர்யபிரகாஷ். வகுப்பே சிரித்தது.

"அது பரீட்சைக்கு வராதும்மா, உக்காரு" என்றார் சார்.

உட்கார்ந்தாள். கேள்வி உட்காரவில்லை.

அடுத்த வாரம் ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கும் நாள். சாரின் அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் இன்னும் உதிராத ஒரு கம்ப்யூட்டர். கழுத்து வலிக்கிறது என்று மானிட்டரைத் தடித்த புத்தகம் ஒன்றின்மேல் ஏற்றி வைத்திருந்தார். அதற்கும் சந்தனம்தான். சார் பழைய ப்ராஜெக்ட் கட்டிலிருந்து ஒன்றை உருவிப் போட்டார்.

"இந்தா, திருவரங்குளம் சிவன் கோயில். மூணு வருசமா பண்றாங்க, எல்லாருக்கும் நல்ல மார்க்கு. தலைப்புல ரெண்டு வார்த்தைய மாத்திக்க."

"கோயில் மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல சார். மூணு பேரு எழுதினத நாலாவதா நான் எதுக்கு எழுதணும்?"

"பின்ன என்ன எழுதப் போற?"

"வைக்கிங்."

சார் சிரித்தார். நக்கலாகச் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அது இரக்கப்பட்ட சிரிப்பு. "ஏம்மா, கீரமங்கலத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வர்ற. ஒனக்கு எதுக்கு நார்வே? அதெல்லாம் இங்கிலீஷ் மீடியம் புள்ளைங்க பண்றது."

காதுமடல் இரண்டும் சுட்டது அவளுக்கு. "எந்தச் சட்டத்துல சார் இருக்கு?"

சார் சிரிப்பை நிறுத்தினார். "சரி. நெட்ல இருந்து ஒரு வரி எடுத்தாலும் கிழிச்சுப் போட்ருவேன். நம்ம காலேஜ் லைப்ரரிப் புத்தகத்த வச்சே இருபது பக்கம் எழுதி மாசக் கடைசிக்குள்ள கொண்டா. தேறுச்சுன்னா ஓந்தலைப்பு. தேறலேன்னா திருவரங்குளம், மறுபேச்சுக் கூடாது."

திருவரங்குளத்தை பிளெஸ்ஸி மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டாள். அவள் மீமிசல்காரி, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம்.

"சிவன் கோயிலப் பத்தி எழுதுறியே, கர்த்தர் கோச்சுக்க மாட்டாரா?" என்றாள் பிரகதா.

"கர்த்தருக்கு இன்டர்னல் மார்க்கப் பத்தித் தெரியும்டி. ஒனக்குத்தான் தெரியல."

நூலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே சிவப்பு அட்டையும் முதுகில் பொன் கோடுமாக ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்று, எழுத்துக்கு ஒரு தொகுதியாக வரிசையில் நின்றது. யாரோ எப்போதோ நன்கொடையாகக் கொடுத்தது. சாவி நூலக உதவியாளர் ராஜலட்சுமி அக்காவின் இடுப்பில். அவர் சாவியைப் போட்டு மூன்று முறை ஆட்டியபின்தான் கதவு மனமிரங்கியது. பிரகதா முதுகுகளை விரலால் தடவிக்கொண்டே போனாள். 'யூ'வுக்கு அப்புறம் ஒரு கை நுழைகிற சந்து. அதற்கு அப்புறம் 'டபிள்யூ'.

"அக்கா, 'வி' எங்க?"

"நான் வேலைக்குச் சேந்தப்பவே இல்ல."

"யாரு எடுத்துட்டுப் போனா?"

"அது வெளிய குடுக்குற புத்தகமே இல்லம்மா."

"பின்ன என்ன, கால் மொளச்சு நடந்து போச்சா?"

"இந்தா பாரு, என்னைய அதட்டாத. இருந்தா குடுக்க மாட்டனா? தின்னுட்டா வச்சிருக்கேன்?"

மற்ற அலமாரிகளையும் அலசினாள். ஐரோப்பா என்று பெயர் போட்ட புத்தகமெல்லாம் நெப்போலியனிலேயே நின்றுகொண்டிருந்தது. ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வு கைடுகள்தான் கூரை முட்டக் கிடந்தன. ஒரு வாரம் வீணாய்ப் போனது. கல்லூரிச் சுவரைப் பார்த்தாலே எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அம்மாவும் அவளும் தோட்டத்தில் முல்லை பறித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் பேச்சு பேராவூரணி மாப்பிள்ளையைச் சுற்றியே வந்தது. கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று பிரகதா ஒருநாளும் சொன்னதில்லை. அதற்காக அம்மா விசாரணையை நிறுத்தியதும் இல்லை.

"வேணாண்டி அவன்" என்றாள் அம்மா, தானாகவே.

"நான் எப்ப வேணும்னேன்? சரி, ஏன்? அவங்க வீட்டுல நல்லாத்தானே பேசுனாங்க."

"மாப்பிள்ளையப் பத்தி மாப்பிள்ளை வீட்டுலயா கேப்பாக? பக்கத்து வீட்டுல விசாரிச்சேன், தங்கமான புள்ளைன்னா. டீக்கடையில விசாரிச்சேன், வேலைக்கே போறதில்லைங்குறான். அவங்கூடச் சண்ட போட்டவன் ஒருத்தன் இருக்கான், அவன்ட்டயும் விசாரிச்சேன், ரவுடிங்குறான். மூணு பேரும் மூணு விதமாத்தான் சொல்லுவான். மூணையும் சேத்தாத்தாண்டி ஆளு."

பிரகதாவின் விரல்கள் செடியிலேயே நின்றுவிட்டன.

"என்னடி மரம் மாதிரி நிக்கிற? மார்க்கெட்டுக்கு நேரமாவுது."

"அம்மா, வைக்கிங்குக்கு அக்கம்பக்கம் யாரு?"

"யாரு அது? என்ன ஆளுக?"

"தாடிக்காரனுங்க. விசாரிக்கணும்."

திங்கட்கிழமை நூலகம் திறந்ததும் அலமாரிமுன் போய் நின்றாள். "அக்கா, 'ஈ' குடுங்க. அப்புறம் 'ஐ'. அப்புறம் 'ஆர்'."

"எழுத்துக் கூட்டிப் படிக்கிறியா?"

"விசாரிக்கப் போறேங்க்கா."

முதலில் சண்டை போட்டவன், இங்கிலாந்து. ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க அகராதியை நூறு தரம் புரட்ட வேண்டியிருந்தது. கடலோரத் தீவில் துறவிகள் மடம், ஒருநாள் படகுகள் வந்தன, ரத்தம். எழுதி வைத்தவர்கள் அடிவாங்கிய துறவிகள். பிரகதா பேனாவைக் கடித்தாள். அவள் அப்பாவின் பூர்வீகம் மதுரைப் பக்கம் ஒரு கிராமம். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த ஊர் ஆம்பிளைகள் எல்லோரும், திருடியவனும் திருடாதவனும், இருட்டியதும் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. விடிந்ததும் அவர்கள் வீடு திரும்பி ஏர் பூட்டினார்கள், மாட்டுக்குத் தண்ணி காட்டினார்கள். அதை எவன் எழுதினான்? அடிபட்டவனுக்கு எழுதத் தெரிந்தால் அடித்தவன் பரம்பரைக்கே திருடன் பட்டம்தான். துறவிகள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது கொள்ளையடித்த நாளை மட்டும்.

அப்புறம் டீக்கடை, ரஷ்யா. அங்கே அதே ஆட்கள் வியாபாரிகள். தோலும் தேனும் மெழுகும் ஏற்றிக்கொண்டு ஆற்று வழியே போனார்கள். ஓர் ஆறு முடிந்தால் படகைத் தரையில் இழுத்துப்போய் அடுத்த ஆற்றில் விட்டார்கள். அடிமைகளையும் விற்றார்கள். அந்த வரியை விழுங்கிவிட்டு எழுத அவளுக்கு மனசில்லை. கொட்டை எழுத்தில் எழுதினாள். விசாரணை என்று இறங்கிவிட்டுக் கெட்டதை மறைத்தால் அது தரகர் வேலை.

பக்கத்து வீடு ஐஸ்லாந்து. அங்கே அவர்கள் ஆடு மேய்த்தார்கள், வைக்கோல் போட்டார்கள், கோடையில் வெட்டவெளியில் கூடி வழக்குப் பேசினார்கள். சட்டம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்த ஒருவர் எழுந்து நின்று ஒப்பித்தார்.

ஒன்று இன்னொன்றைக் காட்டிவிட்டது. 'எஸ்'ஸில் கப்பல். பலகைமேல் பலகை அடுக்கி இரும்பாணி அடித்த உடல், ஆட்டு ரோமத்தில் நெய்த பாய். அந்தப் பாயை நெய்தவர்கள் பெண்கள், அதற்குக் கப்பல் கட்டுவதைவிட அதிக உழைப்பு. 'கொள்ளையடிக்காத நாளில் நெய்தார்கள். கொள்ளையடித்த நாளிலும் வீட்டிலிருந்தவள் நெய்துகொண்டுதான் இருந்தாள்' என்று எழுதினாள். 'பி'யில் குளியலைத் தேடப்போய், சத்தமாகச் சிரித்து ராஜலட்சுமி அக்காவிடம் திட்டு வாங்கினாள்.

"என்னடி அப்பிடி?"

"சனிக்கெழம தவறாமக் குளிச்சுத் தலை வாருனாங்களாங்க்கா. அதுனாலதான் எங்க பொம்பளைங்க அவங்ககிட்ட மயங்குறாங்கன்னு இங்கிலாந்துக்காரன் ஒருத்தன் பொலம்பி எழுதி வச்சிருக்கான்."

"சனிக்கெழம எண்ணெய் தேச்சா?" என்று கேட்டுவிட்டார் அக்கா, திட்டிக்கொண்டிருந்ததை மறந்து.

அன்றிலிருந்து சாவி மூன்றுமுறை ஆடாமலே திரும்பியது. நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கே பூட்டுகிற அக்கா, "இன்னிக்கி என்னடி செஞ்சானுக?" என்று கேட்டுவிட்டுத்தான் பூட்டினார். ஒற்றைக்கண் ஓடின் கதை அக்காவுக்குப் பிடித்திருந்தது. அறிவூற்றில் ஒரு வாய் தண்ணீருக்காகத் தன் கண்ணையே பிடுங்கிக் கொடுத்த சாமி. "நம்ம ஊர்ல பக்தந்தான் சாமிக்குக் கண்ணக் குடுப்பான். அங்க சாமியே படிக்கிறதுக்குக் குடுத்திருக்கு பாத்தியா" என்றார். இன்னொரு கதையை பிரகதா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஒரு சாமி மாறுவேடத்தில் மூன்று வீடுகளில் தங்கிப்போகிறது. ஒரு வீட்டில் அடிமை பிறக்கிறான், அடுத்த வீட்டில் உழவன், மூன்றாவதில் பிரபு.

"அங்கயுமா?" என்றார் அக்கா.

"அங்கயுந்தாங்க்கா. சாமி பேரச் சொல்லித்தான் அங்கயும்."

மாசக் கடைசியில் இருபது பக்கம் கேட்ட இடத்தில் நாற்பது பக்கத்தோடு சாரின் அறைக்குள் போனாள். அடுத்த முறை தனக்கு என்று பிளெஸ்ஸியும் திருவரங்குளத்தை அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். சார் தாள்களைப் புரட்டினார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. கான்ஸ்டான்டினோப்பிளின் பெரிய கோயிலில் காவலுக்குப் போன வைக்கிங் ஒருவன் பளிங்குக் கைப்பிடியில் தன் பெயரைக் கிறுக்கிவைத்த இடம் வந்ததும், "சித்தன்னவாசல்ல கிறுக்குறானுங்களே, அது மாதிரி" என்று முணுமுணுத்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் முகம் மறுபடி வாத்தியார் முகமானது.

"எல்லாம் சரிம்மா. ஆனா அடிப்படையே இல்லையே. கலைக்களஞ்சியத்துல வைக்கிங்னே ஒரு கட்டுரை இருக்கும், 'வி' தொகுதியில. அத ஒரு இடத்துலகூட நீ காட்டல. சுத்திச் சுத்தி வந்திருக்க, வீட்டுக்குள்ள போகல. இத எப்படி நான் ஒத்துக்கிறது?"

"'வி' இல்ல சார் லைப்ரரியில."

"இல்லேன்னா வேற தலைப்பு எடுத்திருக்கணும். நான் அன்னைக்கே சொன்னேன்."

பிளெஸ்ஸி அவள் சுடிதார் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். வாயை மூடு என்று அர்த்தம். பிரகதாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அழுதால் தோற்றுப்போவோம் என்று பார்வையைத் திருப்பினாள். மானிட்டர். மானிட்டருக்குக் கீழே சந்தனம். சந்தனத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிவப்பு. சிவப்பின்மேல் ஒரு பொன் கோடு.

ஒரு மாதமாக அந்த முதுகுகளைத் தடவிய விரல் அவளுடையது. இருட்டில் தொட்டாலும் அடையாளம் தெரியும்.

"சார்" என்றாள். "அந்த மானிட்டரக் கொஞ்சம் தூக்குறீங்களா?"

"எதுக்கு?"

"தூக்குங்க சார்."

அந்தக் குரலுக்குச் சார் தூக்கிவிட்டார். பிரகதா புத்தகத்தை உருவினாள். வருஷா வருஷம் பூசிய சந்தனம் ஓடுபோல இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். பொன்னிறத்தில் 'வி' வெளியே வந்தது.



"நான் வர்றதுக்கு முன்னாடியே இது இந்த ரூம்லதாம்மா கெடந்துச்சு" என்றார் சார். இரண்டு கையாலும் மானிட்டரை ஏந்தியபடி, குழந்தையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவர்போல நின்றார். "சத்தியமா எனக்குத் தெரியாது. பூஜைக்குப் பொட்டு வச்சேனே தவிர, தொறந்து பாத்ததில்ல."

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. பதிலாகப் பக்கத்தைத் தேடினாள். மானிட்டரை மேசையில் இறக்கிவிட்டுச் சாரும் எட்டிப் பார்த்தார். வைக்கிங் கட்டுரை ஒரு பக்கம்கூட இல்லை. வந்தார்கள், கொள்ளையடித்தார்கள், தீ வைத்தார்கள், போனார்கள். கடைசியில் சிறிய எழுத்தில் 'மேலும் பார்க்க' என்று ஒரு வரி. சார் அதை வாய்விட்டு வாசித்தார்.

"இங்கிலாந்து."

பிரகதா தன் தாளில் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"ஐஸ்லாந்து." காட்டினாள். "ரஷ்யா." காட்டினாள். "கப்பல்." காட்டினாள்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்த வரியின்மேல் விரலை வைத்தார். "கிரீன்லாந்து?"

அவள் கை நின்றது. "அது பாக்கல சார்."

"பாரு. அங்கயும் போய்க் குடியேறி ஆடு மாடு வளத்தாங்க. அப்புறம் அந்தக் குடியிருப்பே இல்லாமப் போச்சு, ஏன்னு தெளிவாத் தெரியல. படிக்கிற காலத்துல எனக்கு அதுல ரொம்ப..." என்று நிறுத்திக்கொண்டார். "அதையும் சேத்து எழுதிட்டு வா. தலைப்பு என்ன போடப் போற?"

"கொள்ளையடிக்காத நாட்கள்."

வகுப்பில் கேட்ட கேள்வி அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். பேனாவை எடுத்து முதல் பக்கத்தில் தலைப்பை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு மேசையைப் பார்த்தார். மேசையோடு ஒட்டித் தாழ உட்கார்ந்திருந்தது மானிட்டர். "இத இனிமே எது மேல வைக்கிறது?"

"பழைய ப்ராஜெக்ட் கட்டு இருக்கே சார்" என்றாள் பிரகதா.

பிளெஸ்ஸிக்குப் புரையேறியது. சார் முறைத்தார். முறைத்துக்கொண்டே கட்டை இழுத்து மானிட்டருக்கடியில் வைத்தார். உயரம் சரியாக இருந்தது.

நூலகத்தில் ராஜலட்சுமி அக்கா பையை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றார். பிரகதா நீட்டியதைப் பார்த்ததும் பையை இறக்கினார்.

"அடியாத்தி! எங்கடி கெடந்துச்சு?"

"பூஜையில இருந்துச்சுக்கா."

அலமாரியைத் திறந்தார். 'டபிள்யூ' சாய்ந்து இடத்தைப் பாதி பிடித்திருந்தது. பிரகதா அதை நிமிர்த்திவிட்டுத் தொகுதியைத் தள்ளினாள். இறுக்கமாக, ஆனால் உள்ளே போனது.

"பூட்டவா? பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"பூட்டாதீங்க்கா. 'ஜி' மட்டும் குடுங்க. கிரீன்லாந்து."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அங்க என்னடி ஆச்சு அவனுகளுக்கு?"

"தெரியலக்கா. விசாரிக்கணும்."

"அடுத்த பஸ்ஸு அஞ்சே காலுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் அக்கா. "சத்தமாப் படி."