பதினேழாம் நோன்புக் கஞ்சி

மீன்கள் செத்து மிதப்பதைக் கண்டதும் முனவ்வறா முதலில் செய்த வேலை, வாளிகளைக் கழுவியதுதான்.

ஐந்து வாளிகள். அடியில் சோறும் வெந்தயமும் ஒட்டிக் காய்ந்திருந்தன. வாய்க்காலில் அலசி குளத்தோர வாடிக் குடிசைக்குள் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் குளக்கட்டில் ஏறிக் கூக்குரலிட்டாள். பிறகு எத்தனையோ தடவை இதை நினைத்துப் பார்த்தாள். கை தன்பாட்டில் செய்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். கைக்கு என்ன தெரியும்?

சவளக்கடையில் அவளுடைய சீதனக் காணியின் ஓரத்தில் கால் ஏக்கர் குளம். அதில் ஐந்து மாதம் வளர்ந்த யப்பான் மீன்கள், திலாப்பியா. கணவன் றிபாஸ் கத்தாரில் இருந்தான். கல்முனையிலிருந்து கிட்டங்கிப் பாலம் தாண்டி ஸ்கூட்டியில் காலையும் மாலையும் அவளே வந்து தீன் போட்டுவிட்டுப் போவாள்.

அந்தத் தீனால்தான் அவளுக்குப் பெயர். கடையில் விற்கும் மீன்தீனை அவள் வாங்குவதில்லை. தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, சோயாத் தூள் எல்லாவற்றையும் அரைத்துக் குழைத்து, இடியப்ப உரலில் பிழிந்து, வெயிலில் காயவைத்து உடைத்துப் போடுவாள். முதலில் பாலமுனையிலிருந்து கருவாட்டுத் தூள் வாங்கிச் சேர்த்தாள். குளத்து மீனை வளர்ப்பதற்குக் கடல் மீனை அரைத்துப் போட்டால் கடலில் என்ன மிஞ்சும் என்று மீன்வளர்ப்பு உத்தியோகத்தர் கிருஷாந்தினி கேட்ட பிறகு அதையும் குறைத்தாள். தறப்பாள் விரித்த தொட்டியில் அசோலாப் பாசி வளர்த்தாள். மரக்கறிக் கழிவில் புழு வளர்த்தாள். பார்க்க வந்த பெண்களுக்கு அவளே வகுப்பும் எடுத்தாள். போட்ட தீனைப் பதினைந்து நிமிடத்தில் மீன் தின்று முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் மிச்சம் அடியில் போய் அழுகும், அழுகினால் தண்ணீரில் உள்ள காற்றை அது குடித்துவிடும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். கிருஷாந்தினி பின்னால் நின்று தலையாட்டுவாள்.

நோன்பு தொடங்கியதும் ஒரு புது யோசனை வந்தது. ஊர்ப் பள்ளியில் ஒவ்வொரு நாளும் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். பகிர்ந்து கொடுத்த பிறகும் கிடாரத்தின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். நோன்புக் கஞ்சியைத் தெருக் கானில் ஊற்ற யாருக்கும் மனம் வராது. அவளுடைய மூத்த அண்ணன் காலிதீன் காக்கா அந்தப் பள்ளியை நிர்வகிக்கும் மரைக்காயர்களில் ஒருவர். மிச்சத்தை உன் குளத்துக்குக் கொண்டுபோ, வீண்விரயமாகாமல் மீனாவது தின்னட்டும் என்றார் அவர். அவளும் தினம் ஒரு வாளி கொண்டுபோய் ஊற்றினாள். மீன்கள் பாய்ந்து பாய்ந்து தின்றன. தீனும் மிச்சம், நன்மையும் உண்டு என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கிருஷாந்தினியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்தாள்.

பதினேழாம் நோன்பு பத்ர் போரின் நினைவு நாள். அன்று ஆட்டிறைச்சி கூடுதலாகப் போட்டு இரண்டு கிடாரம் அதிகமாகக் காய்ச்சினார்கள். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. பாத்திரம் கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் வரவில்லை. மழை விட்டதும் காலிதீன் காக்கா ஐந்து வாளி நிறைய ஊற்றி ஓட்டோவில் ஏற்றிவிட்டார். அன்று அவள் பதினைந்து நிமிடம் பார்த்து நிற்கவில்லை. நோன்பு திறக்க வீட்டுக்குப் போக வேண்டும். ஐந்து வாளியையும் ஒரே இடத்தில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

விடிந்தபோது வளர்ந்த மீன்கள் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

குளத்துக்கு மேற்கே அல்பேட்டின் மிளகாய்த் தோட்டம். பக்கத்துத் தமிழ் ஊர்க்காரர், அறுபதை நெருங்கியவர். றஸாக் ஹாஜியாரின் காணியைக் குத்தகைக்கு எடுத்து நாலு வருடமாகச் செய்கிறார். அவருடைய பூச்சி எண்ணெய் அடிக்கிற மெஷின் வேலியில் சாய்ந்திருந்தது. அது முனவ்வறாவின் கண்ணில் பட்டது. கூக்குரல் கேட்டு ஓடி வந்தவர்கள் என்ன நடந்தது என்று கேட்டபோது அவள் அந்த மெஷினைத்தான் காட்டினாள்.

"எண்ணெய் அடிச்சுப்போட்டு மழைத் தண்ணியோட எங்கிட குளத்துக்குள்ள விட்டிரிக்காரு. கேளுங்க அவர்ட்ட."

அல்பேட் அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கினார். மூன்று நாளைக்கு முன்தான் அடித்தேன், நேற்று மெஷினைக் கழுவிக் காய வைத்தேன் என்று அவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். ஒருவரும் நின்று கேட்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவள் பக்கம்தான் ஆட்கள் நின்றார்கள்.

பத்து மணிக்குக் கிருஷாந்தினி வந்தாள். கருவியைத் தண்ணீரில் விட்டு ஒட்சிசன் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். குளக்கரையில் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நஞ்சு என்றால் முதலில் குஞ்சுதான் சாக வேண்டும், இங்கே பெரியது செத்திருக்கிறது, குஞ்சுகள் ஓடித் திரிகின்றன, தவளைக்கும் ஒன்றுமில்லை என்று தனக்குள் கதைப்பது போலச் சொன்னாள். பிறகு திரும்பினாள்.

"அக்கா, நேத்து என்ன போட்டீங்க?"

"வழமையாப் போடுறதுதான், மிஸ்."

சொன்ன பிறகுதான் நோன்போடு பொய் சொல்லிவிட்டது முனவ்வறாவுக்கு உறைத்தது. 

கிருஷாந்தினி காரணம் தெளிவில்லை என்று எழுதிக்கொண்டு போனாள். ஆனால் வாய்க்கால் விவசாயிகள் அவளுடைய கடதாசிக்காகக் காத்திருக்கவில்லை. அன்று பின்னேரமே, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை மீராசாஹிபு அந்தக் குளத்தோர வாடியடியில் கூட்டம் போட்டார். அல்பேட்டின் தோட்டத்துக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் வாயைப் பலகை வைத்து அடைத்துவிடுவது, அடுத்த போகத்திலிருந்து காணியைக் கொடுக்க வேண்டாமென்று றஸாக் ஹாஜியாரிடம் சொல்வது என்று முடிவானது. கூட்டத்தில் ஒருவன், அவங்கட ஆக்கள நம்பிக் காணி குடுத்தா இப்பிடித்தான் என்றான். அந்த வார்த்தைக்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. முனவ்வறாவும் சொல்லவில்லை. அல்பேட் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். 

அதன் பிறகு மழையே இல்லை. வெயில் நெருப்பாக அடித்தது. அவள் குளத்துக்கு வரும்போதெல்லாம் மிளகாய்ச் செடிகளைப் பார்க்காமல் தலையை மறுபக்கம் திருப்பி ஸ்கூட்டியை ஓட்டினாள். அல்பேட் வீட்டுக் கிணற்றிலிருந்து சைக்கிளில் கேன் கட்டிக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். காய்க்கிற பருவத்து மிளகாய்க்கு அது நாக்கு நனைக்கவும் காணாது.

ஒன்பதாம் நாள் குளத்தை இறைத்துச் சேறு எடுக்கும்போது கிருஷாந்தினி வந்து நின்றாள். தடி ஒன்றால் சேற்றைக் கிளறினாள். கறுத்த சேற்றுக்குள் ஊதிய சோறு கட்டி கட்டியாக வந்தது. வெந்தயம் வந்தது. ஆட்டு விலா எலும்பு ஒன்று வந்தது. அந்த எலும்பைத் தடியின் நுனியால் குளக்கட்டின்மேல் எடுத்து வைத்தாள். முனவ்வறா எந்த இடத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

கிருஷாந்தினி ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"பதினைஞ்சு நிமிசக் கணக்க நான்தான் உங்களுக்குச் சொல்லித் தந்தன். நீங்க எத்தின பேருக்கு அக்கா சொல்லிக் குடுத்தீங்க?"

அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகிற வழியில் அல்பேட்டின் தோட்டத்தைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தது இங்கிருந்தே தெரிந்தது.

முனவ்வறா நேரே காக்காவிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். காலிதீன் காக்கா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். பள்ளிக் கஞ்சியால் மீன் செத்தது என்றால் ஊர் சிரிக்கும், எங்கள் எல்லாருக்கும் அவமானம், பெருநாள் கழியட்டும், பிறகு நானே மீராசாஹிபிடம் மெதுவாகக் கதைத்துத் தண்ணீரைத் திறக்கச் சொல்கிறேன் என்றார். பெருநாள் வருவதற்குள் செடி ஒன்றும் மிஞ்சாதே என்றாள். அவர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, வாளியை நிரப்பினவன் நான்தான் புள்ள என்றார், மெதுவாக. கவிழ்த்தது நான் காக்கா என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

அடுத்த நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அல்பேட்டின் வீட்டுக்குப் போனாள். அவருடைய மனைவி அருள்ராணி வாசலில் உரச் சாக்கு ஒன்றை விரித்து, முற்றாமல் வாடி விழுந்த காய்களைப் பரப்பிக்கொண்டிருந்தாள். கதிரை ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, நோன்புதானே, தண்ணீரும் தரமுடியாது என்று சொல்லி உள்ளே போனாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் முனவ்வறாவைச் சுட்டது.

அல்பேட் கேனைக் கட்டிக்கொண்டு புறப்பட நின்றார். அவள் நின்றபடியே சொன்னாள். கஞ்சி, ஐந்து வாளி, கழுவிக் கவிழ்த்தது, மிஸ்ஸிடம் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அன்றைக்கு அழுததை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

"என்ன மன்னிச்சிருங்க அண்ணன்."

அல்பேட் கயிற்றை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"எனக்கிட்டச் சொல்லி என்ன தங்கச்சி செய்ய? நான் செய்யல்ல எண்டு எனக்குத் தெரியும். தெரியாத ஆக்களுக்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"சொல்றன்."

"அங்க வச்சே சொல்லுங்க. எங்க வச்சு என்னச் சொன்னீங்களோ, அங்க."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார். வேலிப் படலையைத் தாண்டிய பிறகு நின்று, திரும்பாமலே, உங்கட மீனும் பாவந்தான் என்றார்.

அன்று அஸருக்குப் பிறகு வட்டவிதானையிடம் சொல்லி அதே வாடியடியில் கூட்டம் போடவைத்தாள். என்ன விஷயம் என்று அவர் கேட்டார். வந்தவுடன் சொல்கிறேன் என்றாள். முப்பது பேர் அளவில் வந்தார்கள். காலிதீன் காக்காவும் வந்து, பின்னால் மருத மரத்தடியில் நின்றார். அல்பேட் முன்பு நின்ற அதே இடத்தில் நின்றார்.

"மீன் செத்தது அல்பேட் அண்ணன்ட எண்ணெயால இல்ல. நான் கஞ்சியக் கூடக் கொட்டினதால. அண்டைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் அவரக் காட்டினன்."

கடைசி வரியை அவள் சொல்ல நினைத்திருக்கவில்லை. அது உண்மையா என்றுகூட அந்த நேரம் வரை அவளுக்குத் தெரியாது. வாயிலிருந்து வந்த பிறகு தெரிந்தது.

 நடுவிலிருந்து ஒரு குரல், அந்தக் கஞ்சியக் குடிச்ச எங்களுக்கு ஒண்டும் செய்யல்ல, மீனுக்கு மட்டும் வயித்துக்குள்ள போய் என்ன செய்ததாம் என்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள். பள்ளிக்குப் பேர் கெட்டுப்போச்சு என்று ஒருவர் முணுமுணுத்தார். அதற்குக் காலிதீன் காக்கா பின்னாலிருந்து, பேர் கெட்டது கஞ்சியால இல்ல, எங்களாலதான் என்றார். சிரிப்பு நின்றது. அவங்கட ஆக்கள் என்று சொன்னவன் மட்டும் குனிந்து செருப்புக் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மீராசாஹிபு தொண்டையைக் கனைத்தார். றஸாக் ஹாஜியாரிடம் தானே போய்க் கதைப்பதாகச் சொன்னார். பிறகு, உங்களுக்கு வேற என்ன செய்யோணும் அல்பேட் என்று கேட்டார்.

"தண்ணி" என்றார் அல்பேட்.

 மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தார். பலகையை அவரே பிடுங்கினார். தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. எல்லா வரிசைக்கும் அவர் அதை விடவில்லை. தண்டைக் கிள்ளிப் பார்த்து, உள்ளே பச்சை இருந்தால் மண்ணை வெட்டி வழிவிட்டார். இல்லாத வரிசையின் வாயில் சேற்றை வைத்துக் காலால் மிதித்து அடைத்தார்.

ஆட்கள் கலைந்தார்கள். நோன்பு திறக்க நேரமாகிறது, வா புள்ள என்று காலிதீன் காக்கா கூப்பிட்டார். நீங்க போங்க என்று கை காட்டிவிட்டு முனவ்வறா குளக்கட்டின்மேலேயே நின்றாள். தோட்டத்துக்குள் இறங்கி உதவி செய்யும் துணிவு அவளுக்கு வரவில்லை. திரும்பிப் போகவும் முடியவில்லை. அல்பேட் எந்தெந்த வரிசையை அடைக்கிறார் என்று ஒன்றையும் தவறவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசை வரைக்கும் பார்த்தாள். அவர் ஒரு தடவையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.