வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். நர்ஸுக்குப் பொறுமைதான் நகை என்று படிக்கிற காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த நகையை நான் எப்போதோ அடகு வைத்துவிட்டேன். டாக்டர், வார்டு பாய், லேப் ஆட்கள் என்று யார் மேலும் எரிந்து விழுவேன். ஆனால் நோயாளியின் வீட்டார் மேல் மட்டும் குரல் உயர்த்தியது கிடையாது. உள்ளே படுத்திருப்பவருக்காவது மயக்க மருந்து கொடுக்கிறோம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. அவர்கள் முழு விழிப்போடு எல்லாவற்றையும் அனுபவிக்கிறார்கள்.

அதனால்தான் டாக்டர் ஜேசனோடு எனக்கு ஓயாத சண்டை. வயசில் சின்னவர், கெட்டிக்காரர், தங்கமான மனசு. ஆனால் வாயைத் திறந்தால் முக்கால்வாசி இங்கிலீஷ். கொடைக்கானலில் ஹோட்டல் வைத்திருப்பவர்களுக்கு அது சரி. மேல்மலைக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு என்ன புரியும்?

"தமிழ்ல சொல்லுங்க டாக்டர். நாக்கு ஒண்ணும் சுளுக்கிக்காது" என்று பார்க்கும்போதெல்லாம் குத்துவேன். பாவம், ஒரு நாள் அவரும் என் பேச்சைக் கேட்டார். வினையே அதில்தான் வந்தது.

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்போது குழந்தைவேல் என்பவர் இருந்தார். மன்னவனூரில் கேரட் போடுகிற விவசாயி. தோட்டத்துக்குள் காட்டுமாடு நின்றது பனிமூட்டத்தில் தெரியாமல் பக்கத்தில் போய்விட்டார். ஒரே முட்டு. விலா எலும்புகள் நொறுங்கி, நுரையீரலில் அடி. எங்களிடம் கொண்டு வந்தபோது அவராக மூச்சு விட முடியவில்லை. வாய் வழியாகக் குழாய் இறக்கி மெஷினில் போட்டோம்.

அவர் மனைவி தேவசேனா வராந்தா பெஞ்சிலேயே குடியிருந்தார். கேள்வி கேட்டே ஆளைக் கிறுக்காக்கிவிடுவார். "கண்ணைத் தொறந்தாரா சிஸ்டர்? ஒண்ணுக்குப் போனாரா? நான் வந்தது அவருக்குத் தெரியுதா?" நானும் சளைக்காமல் பதில் சொல்வேன். பார்வை நேரத்தில் உள்ளே கூட்டிப்போய், அவர் கையை எடுத்து இவர் கையில் வைத்து, "பேசுங்கம்மா, காது கேக்கும்" என்பேன். என்ன பேசுவதென்று தெரியாமல் அக்கம்பக்கத்துச் சண்டைகளையெல்லாம் புருஷனிடம் ஒப்பிப்பார். ஒரு நாள் குழந்தைவேலின் விரல்கள் அவர் கையை அழுத்தின. நாங்கள் இரண்டு பேருமே அழுதோம்.

அதற்குப் பிறகு அவர் வேகமாகத் தேறினார். மெஷினின் உதவியைக் குறைக்கக் குறைக்க, தானாகவே மூச்சை இழுத்தார். ஒரு நாள் மத்தியானம் நல்ல சேதியைச் சொல்ல ஜேசனும் நானும் வராந்தாவுக்குப் போனோம். தேவசேனாவின் அண்ணன் இராமலிங்கமும் வந்திருந்தார். ஆயக்குடியில் கொய்யா வியாபாரம் செய்கிறவர், வாட்டசாட்டமான ஆள்.

ஜேசன் என்னை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு மெஷினைத் தவிர வேறு இங்கிலீஷ் வார்த்தை கலக்காமல் சொன்னார்: "இனிமே மெஷின் தேவையில்லைங்க. நாளைக்குக் காலையில குழாயை எடுத்துருவோம். அப்புறம் நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தேவசேனா அன்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, டியூட்டி முடிந்து வீட்டுக்குக் கிளம்பினேன்.

மறுநாள் வெள்ளனே வந்தால் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ். அதைச் சுற்றி ஊர்க்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ இறந்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டே மாடி ஏறினேன். எங்கள் பிரிவின் கதவருகில் இராமலிங்கம் நின்றார்.

"சிஸ்டர், வெரசா மாப்பிள்ளையக் கொண்டாந்து விடுங்க. குழாயை இங்க வச்சு எடுக்க வேணாம். உசுரு இருக்கையிலயே வீட்டுப் படி ஏத்திருறோம்."

அவர் பின்னால் தேவசேனா. தலை கலைந்து, முகம் வீங்கிக் கிடந்தது. கையில் மூடி போட்ட டம்ளர்.

"என்னம்மா இது?"

"பாலு சிஸ்டர். போறதுக்குள்ள எங்கையால ஒரு வாய்…" அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை.

"யார் சொன்னா அவரு போயிருவாருன்னு?"

"நீங்கதான சிஸ்டர் பக்கத்துல நின்னீங்க? மெஷினு இனி வேணாம், குழாயை எடுத்துருவோம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் சொன்னாரே."

அவர் வாயால் கேட்டபோதுதான் அந்த வார்த்தைகள் எனக்கே உறைத்தன. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நம் ஊரில் டாக்டர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? கைவிட்டாச்சு என்று அர்த்தம். பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தமிழில் சொல்லு, தமிழில் சொல்லு என்று அந்த மனுஷனை விரட்டி, சாவுச் சேதியைச் சொல்ல வைத்திருக்கிறேன்.

"டிஸ்சார்ஜும்மா! கொஞ்ச நாள்ல டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்னுதான் சொன்னாரு! அவரு பொழைச்சிட்டாரு!"

"டிஸ்சார்ஜா?" தேவசேனா நிமிர்ந்து பார்த்தார். அந்த வார்த்தை அவருக்குத் தெளிவாகப் புரிந்தது.

இராமலிங்கம் அசையவில்லை. "நேத்து இந்த வார்த்தையச் சொல்லலையே சிஸ்டர். தங்கச்சி மொகத்தைப் பாத்து, மனசு கேக்காம மாத்திச் சொல்றீங்க. உங்க நல்ல மனசு எங்களுக்குத் தெரியும். ஆனா செத்த ஒடம்ப வீட்டுக்குள்ள ஏத்த விட மாட்டாக. வழிய விடுங்க."

"விட மாட்டேன்" என்றேன். "இன்னும் அவரு முழுசா அவராவே மூச்சு விடலை. இப்பிடியே வண்டியில ஏத்துனா வழியில பூம்பாறைகூடத் தாண்ட மாட்டாரு. பொழைச்ச மனுசனை நீங்களே கொண்டு போய்க் கொல்லப் போறீங்களா?" வீட்டார் மேல் குரல் உயர்த்தியதில்லை என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு உயர்த்தினேன். கதவின் இரண்டு பக்கமும் கையை வைத்து மறித்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டு ஜேசன் ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் வெளிறிப்போய்விட்டது. கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பு என்னோடதுங்க. மன்னிச்சிருங்க" என்றார்.

காரியம் இன்னும் கெட்டது. "பாத்தியா தங்கச்சி, டாக்டரே மன்னிப்புக் கேக்குறாரு. என்னமோ ஆயிப்போச்சு" என்றார் இராமலிங்கம். தேவசேனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இனி வாயால் பேசிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. நான் குனிந்து தேவசேனாவின் கையைப் பிடித்தேன். "உள்ள வாங்க. குழாயை எடுக்கையில நீங்க பக்கத்துல நில்லுங்க. என் பேச்சை நம்ப வேணாம், டாக்டர் பேச்சையும் நம்ப வேணாம். உங்க கண்ணால பாருங்க."

ஜேசன் தயங்கினார். "சிஸ்டர், ஒருவேளை மூச்சு சரியா எடுக்கலைன்னா திரும்பவும் குழாய் போடணும். அதை இவங்க பார்க்கணுமா?"

அவர் கேட்டது நியாயம்தான். அதை மறைக்காமல் அப்படியே தேவசேனாவிடம் சொன்னேன். "எடுத்ததும் திணறலாம். திரும்பக் குழாய் போடுற மாதிரி ஆகலாம். பாக்கவே பயமா இருக்கும். ஆனா அப்பிடி ஆனாலும் கைவிட்டுட்டோம்னு அர்த்தமில்லை. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

அவர் டம்ளரை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். "நான் போறேன்ணே. நான் வெளிய வர்ற வரைக்கும் நம்ம ஆளுக யாரும் அவரைத் தொடக் கூடாது."

கை கழுவ வைத்து, கவுன் மாட்டி, கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தினேன். குழந்தைவேல் விழித்திருந்தார். "அண்ணே, குழாயை எடுக்கப் போறோம். நான் சொல்றப்ப நல்லா இருமணும்" என்றேன். இமையை மூடித் திறந்தார்.

சளியை உறிஞ்சி எடுத்தேன். ஜேசன் குழாயை உருவினார்.

இருமல் வரவில்லை. தொண்டையில் ஏதோ கரகரத்தது, நெஞ்சு ஏறி இறங்காமல் உதறியது. உதடு கறுத்தது. மானிட்டர் அலற ஆரம்பித்தது. ஜேசனின் கை புதுக் குழாய் இருந்த தட்டுக்குப் போவதைப் பார்த்தேன். விலா உடைந்தவருக்கு இருமுவது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். வேதனைக்குப் பயந்து மனுஷர் மூச்சை அடக்குகிறார்.

"இருமுங்கண்ணே! வலிச்சாலும் பரவாயில்ல, இருமுங்க!" என்று அவர் காதுக்குள் கத்தினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் நின்றவரைப் பார்த்தார். தேவசேனா அவருடைய இரண்டு பாதங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த அறையில் யாரும் எழுப்பியிராத சத்தத்தில் கத்தினார்: "இருமுய்யா! ஊரே வாசல்ல வந்து நிக்குது, இருமுய்யா நீ!"

இருமினார். உடம்பே தூக்கிப்போட்டது. கட்டிச் சளி வெளியே வந்தது. அதை எடுத்ததும் ஒரு நீண்ட மூச்சு உள்ளே போனது. பிறகு இன்னொன்று. ஆக்ஸிஜன் மாஸ்க்கை வைத்தேன். எண்கள் ஏறின, உதட்டில் நிறம் திரும்பியது. ஜேசன் கையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்.

மாஸ்க்குக்குள் அவர் உதடு அசைந்தது. தேவசேனா ஓடிவந்து குனிந்தார். எனக்கும் கேட்டது. உடைந்துபோன குரல்.

"வலிக்குது புள்ள."

"வலிக்கட்டும்யா" என்றார் தேவசேனா. கண்ணீர் புருஷன் நெற்றியில் சொட்டியது. "நல்லா வலிக்கட்டும்."

வலிக்கு நான் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே தேவசேனா கவுனோடு கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். இராமலிங்கம் பாய்ந்து வந்தார். "என்னத்தா ஆச்சு? பேசுனாரா? என்ன சொன்னாரு?"

"வலிக்குதுங்கிறாருண்ணே."

அவ்வளவு பெரிய ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். மாடிப்படியில் நின்றவர் திரும்பிக் கீழே இருந்தவருக்குச் சொன்னார். அவர் வாசலுக்குச் சொன்னார். பெண்கள் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். யாரோ போனை எடுத்து மன்னவனூருக்குக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரி அதிர அதிரக் கத்தினார்கள்:

"வலிக்குதாம்டா! ஏலே, மாமாவுக்கு வலிக்குதாம்!"