திங்கட்கிழமைச் சோறு

மிஸ் வெர்லீன் பூண்டு வாசனையோடு நீதிமன்றப் படியேறி வந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வண்டியில அண்டாவா வெச்சிருக்கீங்க? கேஸ் நடக்குற அன்னிக்குமா?"

"இன்னிக்குத் திங்கக்கிழம, ஐரிஸ் கண்ணு. லூசியானாவுல திங்கக்கிழம சிவப்பு பீன்ஸ் வேக வைக்காத பொம்பள யாரு இருக்கா? உன்னத் தவிர."

வக்கீலை வாயடைக்க வைக்கும் கட்சிக்காரர் எனக்கு மட்டும்தான் வாய்ப்பார்.

எங்கள் ஊர் செயின்ட் ஒதிலில், திங்கள் மதியம் ஆனால் சதுக்கத்தில் வீடற்றவர்களுக்கு அவர் சோறு போடுவார். ஞாயிறு தேவாலயத்தில் பாட்டு, திங்கள் சதுக்கத்தில் அண்டா. இரண்டும் சேர்ந்ததுதான் அவருக்கு வழிபாடு. மேயர் டெல்காம்பருக்கு அது பொறுக்கவில்லை. பொது இடத்தில் உணவு வழங்கக் கூடாது, மீறினால் கைது என்று நகராட்சியில் ஒரு சட்டம் போட்டார். அது அமலுக்கு வந்த முதல் திங்கள் இன்றைக்குத்தான்.

வழிபாட்டு உரிமையில் கைவைக்க இவர் யார் என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். ஆனால் அந்த நீதிமன்றம் சும்மா எதையும் கேட்காது. சட்டம் பிடிக்கவில்லை என்று போய் அழுதால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். அந்தச் சட்டத்தால் ஏற்கெனவே அடி விழுந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஓங்கிய கையாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு போன வருடம் இப்படித்தான் வாசலிலேயே படுத்தது. இதுவும் படுத்தால் சதுக்கத்தில் இனி சோறு கிடையாது.

நகராட்சி வக்கீல் ஹோல்கம் அதைத்தான் பிடித்துக்கொண்டார். மிஸ் வெர்லீன் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்ததும் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"உங்கள யாராவது கைது பண்ணாங்களாம்மா?"

"இல்ல."

"அபராதம்? மிரட்டல்?"

"இல்ல."

"என்னைக்கோ ஒருநாள் சோறு போடுவேன், அன்னைக்கு யாரோ பிடிப்பாங்கன்னு ஒரு கற்பனை. அவ்வளவுதானே? சரி, எப்பப் போடுறதா உத்தேசம்?"

"மத்தியானம்."

"எந்த மத்தியானம்?"

"இந்த மத்தியானந்தான். அண்டா கீழ வண்டியில இருக்கு. நீ சுருக்கா கேட்டு முடிச்சா சூடா போடலாம்."

சபை சிரித்தது. நீதிபதி ஃபோன்டெனோ சிரிக்கவில்லை. அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். வாசனை அவர் மேடை வரைக்கும் போயிருக்க வேண்டும்.

"மிஸ்டர் ஹோல்கம், இன்னிக்கு மத்தியானம் இந்தம்மா அண்டாவைத் திறந்தா உங்க போலீஸ் என்ன செய்யும்?"

ஹோல்கம் முகம் வெளிறியது. விடமாட்டோம் என்றால் ஓங்கிய கை தெரிந்துவிடும், வழக்கு பிழைத்துக்கொள்ளும். விட்டுவிடுவோம் என்றால் சட்டமே செல்லாக்காசு. பதமாக ஏதோ சொல்ல அவர் தொண்டையைச் செருமினார். அவருக்குப் பின்னால் மேயர் உட்கார்ந்திருந்தார். தேர்தல் நெருங்கும் நேரம், பின் வரிசையில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வேறு. எங்கள் ஊர் மேயர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"பிடிச்சு உள்ள தள்ளுவோம், ஐயா!" என்று மேயர் எழுந்து நின்றே முழங்கினார். "கரண்டியத் தொட்டா போதும்!"

ஹோல்கம் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கோ எழுந்து ஆடலாம் போல இருந்தது.

"நன்றி, மேயர்" என்றார் நீதிபதி. "வழக்கைக் கேக்குற அதிகாரம் இந்த நீதிமன்றத்துக்கு இருக்கான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. நீங்களே தீர்த்து வெச்சுட்டீங்க. வழக்கு நடக்கும். அடுத்த விசாரணை வரைக்கும் இந்தம்மா மேல யாரும் கை வைக்கக் கூடாது."

வெளியே வந்ததும் நான் மூச்சு விடாமல் பேசினேன். "வாசல்தான் திறந்திருக்கு மிஸ் வெர்லீன், இன்னும் ஜெயிக்கல. இனிமேதான் நிஜமான சண்டை. நான் விடமாட்டேன்."

"சண்டைய நீ போடு கண்ணு" என்று வண்டிச் சாவியை என் கையில் திணித்தார். "இப்ப வண்டிய எடு. அங்க சனம் பசியோட நிக்குது."