ஈய வெள்ளை

கசில்தா, பண்ணைக் கோயிலின் வாசலில் முழந்தாளிட்டு, அம்மியில் வர்ணத்துக்கான ஈய வெள்ளையை அரைத்துக்கொண்டிருந்தாள். கட்டிகள் உடையும்போது எழுந்த தூசு அவள் புருவத்திலும் உதட்டிலும் படிந்தது. குழவியைத் தள்ளினாள், இழுக்கும்போது வலது மணிக்கட்டு மடங்கித் தொங்கியது. இடது கையால் அதைத் தூக்கிக் குழவிமேல் வைத்து மறுபடி தள்ளினாள்.

உள்ளே சாரத்தின் மேல் அவள் புருஷன் ஹசிந்தோ நின்றான். தலைநகரில் ஓர் அச்சகத்துக்குக் கொலைகளையும் வெள்ளங்களையும் புனிதர்களையும் வரைந்து கொடுத்தவன். அச்சகம் புகைப்படத்தை அச்சடிக்கும் இயந்திரம் வாங்கியதும் வேலை போயிற்று. இந்தக் கரும்புப் பண்ணையில் எஜமானியம்மாவின் இறந்துபோன மூன்று பிள்ளைகளையும் தேவதூதர்களாகக் கோயில் சுவரில் எழுத வேண்டும். அவர்களுடைய புகைப்படங்களைச் சாரத்துக் கம்பில் குத்திவைத்திருந்தான்.

"ஏய்யா, போதுமா?"

"இன்னும் கொஞ்சம் புள்ள. கடைசிப் பையனுக்குக் கன்னம்தான் பாக்கி."

"உயிரோட இருந்தப்போ இவ்வளவு வெள்ளையாவா இருந்தான்?"

"படத்துல அப்படித்தான் இருக்கான்."

"படம் புடிச்சா நான்கூட வெளுப்பாத்தான் தெரிவேன்."

அவன் சிரித்தான். காகிதத்தில் எப்போதும் ஈய வெள்ளைதான் வைப்பான். சுவருக்கென்று கொத்தனார்கள் குழைத்து வைத்திருந்த சுண்ணாம்பு அவன் கண்ணுக்கு மங்கலாகப் பட்டது.

வெள்ளை அரைக்கத் தொடங்கியபின் தளர்ந்துபோன அவள் கைக்குப் பண்ணை மருத்துவச்சி மூலிகை வைத்துக் கட்டிப் பார்த்தாள். கேட்கவில்லை. சோள மாவை உள்ளங்கைகளுக்கு இடையில் தட்டும்போது ரொட்டி நழுவி அடுப்புச் சாம்பலில் விழுந்தது. மேலாளர் தோன் லியாந்த்ரோவிடம் ஹசிந்தோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய் நின்றான்.

"மெழுகுவர்த்தித் திருநாளுக்கு எஜமானியம்மா வராங்க மேஸ்திரி. பிள்ளைங்களைப் பார்த்து அவங்க மனசு குளிரட்டும். திரும்பற வண்டியிலயே உன் பொண்டாட்டியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்."

அறுவடை தொடங்கிக் கரும்பாலை ஓட ஆரம்பித்தது. கழிவு கோயிலுக்குப் பின்னால் குட்டைபோலத் தேங்கியது. அழுகிய முட்டை நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கோயில் பெருக்கும் பெத்ரா, இந்த நாற்றத்தில் வெள்ளி விளக்குத்தண்டுகள்கூடக் கருக்கின்றன என்று முனகிக்கொண்டே சாம்பலால் தேய்த்தாள். ஹசிந்தோ அதைப் பார்த்தபடி தினமும் கடந்துபோனான்.

முதலில் சுவரில் இருந்த பிள்ளைகளின் கண்களுக்குக் கீழே சாம்பல் படர்ந்தது. மெழுகுவர்த்திப் புகை என்று நினைத்து ரொட்டித் துணுக்கால் துடைத்தான். போகவில்லை. பிறகு கன்னம் பழுப்பாகி, நெற்றியும் கருத்தது.

கரும்பு வெட்டும் பெண்கள் சுவரடியில் கூடினார்கள்.

"அடியே தொமாசா, அந்தக் கடைசிப் பையன் உன் மகனேதான்!"

"எம் மகனுக்கு மூக்கு ஒழுகும். இவனுக்கு ஒழுகலையே."

"சொர்க்கத்துல சளி பிடிக்காதுடி."

சிரித்தார்கள். பிறகு ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மண்டியிட்டாள். மற்றவர்களும் மண்டியிட்டார்கள்.

அன்று குடிசையில் ஹசிந்தோ தூரிகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். கசில்தாவே கேட்டாள்.

"மேல இன்னொரு பூச்சு கொடுத்தா வெளுக்குமா?"

அவன் அவள் கையைப் பார்த்தான்.

"வெளுக்கும்."

"அப்போ வாரை எடுத்துக் கட்டு."

தோல்வாரால் அவள் மணிக்கட்டைக் குழவியோடு சேர்த்துக் கட்டினான். அவள் அரைத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுநடுவே குனிந்து கிடந்தாள். முகங்கள் மறுபடி வெளுத்தன. திருநாளுக்குள் மறுபடி கருத்தன. அதற்குள் அவளுடைய இடது கையும் தொங்க ஆரம்பித்திருந்தது.

எஜமானியம்மா கருப்பு உடையில் வந்து சுவர்முன் நின்றாள். ஹசிந்தோ பக்கம் திரும்பாமல் மேலாளரிடம் கேட்டாள்.

"இதுங்களா என் பிள்ளைங்க?"

பதிலுக்குக் காத்திராமல் வெளியே போனாள்.

தோன் லியாந்த்ரோ உளியைக் கொண்டுவந்து ஹசிந்தோவின் கையில் வைத்தார்.

"முகத்தை மட்டும் சுரண்டு. இறக்கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்."

"ஐயா... வண்டி..."

"எந்த வண்டி மேஸ்திரி? பூசைக்கு முன்னாடி கீழ சுத்தமா இருக்கணும். உன் பொண்டாட்டி சும்மாத்தானே நிக்கறா, பெருக்கச் சொல்லு."

ஹசிந்தோ அதே வாரால் துடைப்பத்தை அவள் முன்கையோடு சேர்த்துக் கட்டினான். பிறகு சாரத்தில் ஏறிக் கடைசிப் பையனின் நெற்றியில் உளியை வைத்தான். கருப்பு மெல்லிய தோல்போல் உரிந்தது. அதற்கடியிலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்து கசில்தாவின் தலையிலும் இமையிலும் விழுந்தது. வெளியே குதிரைகளின் மணிச்சத்தம் நகர்ந்து, பண்ணை வாசலைத் தாண்டிப் போயிற்று.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"உள்ள இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு, ஏய்யா."

அவன் சுரண்டிக்கொண்டே இருந்தான். அவள் தோளைச் சாய்த்துத் துடைப்பத்தை இழுத்தாள். தூள் எழும்பி அவள் வாயருகே நின்று மெல்லத் தரையில் இறங்கியது. மறுபடியும் இழுத்தாள்.